முன்வரிசையில் இரண்டு பேர்

அரிசோனா
செப்டம்பர் 3, 2012

அன்புத் தங்கை மஹேலானிக்கு,

நான் நலம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வழக்கம்போல இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்கே ஒருவர் படித்துவிடுவார். அவருக்கும் என் வணக்கம்.

வெயில் நூற்றுப் பத்து டிகிரி. நான்கு வருடமாகியும் இந்தப் பாலைவனம் எனக்கு ஒத்துவரவில்லை. ஹவாயில் சிறை கட்ட இடம் இல்லையென்று நம் ஆட்களைக் கடல் தாண்டி இங்கே கொண்டுவந்து அடைத்தார்களே, ஹோட்டல் கட்ட மட்டும் எங்கிருந்து இடம் கிடைத்தது என்று மோசஸ் தினமும் கேட்கிறான். பக்கத்துக் கட்டில்காரன், ஓஆஹு தீவு.

இப்போது ஒரு விஷயம். எங்கள் பிளாக்குக்குப் பொறுப்பு அதிகாரி டக்கெட் என்று ஒருவர். பெருத்த ஆள். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, அந்த வகையில் பரவாயில்லை. நேற்று சாப்பாட்டு வரிசையில் என் தோளைத் தட்டினார்.

"லீகோ, நீ கவாய் தீவுக்காரன்தானே?"

"ஆமா சார்."

"அக்டோபர்ல நானும் வீட்டம்மாவும் அங்கதான் வர்றோம். இருபதாவது கல்யாண நாள். பயப்படாத, நீ புகுந்து திருடின மாதிரி வீட்டுல தங்கல, ஹோட்டல்தான்." அவரே சிரித்துக்கொண்டார். "லுவாவ், அதான் அந்த விருந்தும் ஆட்டமும், அதப் பாக்காம திரும்பக்கூடாதுன்னு அவ ஒத்தக்கால்ல நிக்கிறா. மூணு இடம் சொல்றாங்க. எது அசல்?"

கையில் கணினியிலிருந்து அச்சடித்த தாள்கள். போய்வந்தவர்கள் எழுதிய குறைகள்: ஒன்றில் பன்றிக்கறி வறட்டு வறட்டென்று இருந்ததாம், இன்னொன்றில் மதுவுக்கு நீண்ட வரிசையாம், மூன்றாவதில் சூரியன் மறைவது தென்னைமரத்துக்குப் பின்னால் போய்விட்டதாம்.

மோசஸ் பின்னாலிருந்து, "டேய், சாருக்கு டிராவல் ஏஜென்ட் ஆயிட்டியா? கமிஷனா எனக்கு ஒரு துண்டு பன்னி வாங்கிக் குடு" என்றான். வரிசையே சிரித்தது.

எனக்கு என்ன தெரியும்? நான் டிக்கெட் எடுத்து லுவாவ் பார்த்தவனா? ஆறு மாதம் ஒரு ஹோட்டலில் பன்றி வேகவைக்கக் குழி தோண்டியிருக்கிறேன். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் எங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. "என் தங்கச்சி அங்க ஒண்ணுல ஆடுறா சார், கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்டுச் சொல்.

உன் அண்ணன்,
லீகோ


ஹனபேபே, கவாய்
செப்டம்பர் 14, 2012

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "நலமா இருக்கானாம்" என்று மட்டும் சொன்னேன்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கை முழுக்க ஊசித் தழும்பு. இதயம் களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். கிறிஸ்துமஸைத் தாண்டுவாளா என்று கேட்டேன், பேனாவை மூடிக்கொண்டே, "இருக்கிற நாள்ல சந்தோஷமா வச்சுக்கோங்க" என்றார். சக்கர நாற்காலி வந்துவிட்டது. அதிலேயே ஆகஸ்டில் உப்புப் பாத்திக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரே பிடிவாதம். இந்த வருடம் மழை கெடுத்துவிட்டது. பாத்தியில் சுரண்டியது ஒரே ஒரு பாட்டில். சிவப்பு உப்பு, செம்மண் கலந்ததுதான். மற்ற குடும்பங்களுக்கு அதுவும் இல்லை.

உங்கள் டக்கெட்டுக்கு எந்த லுவாவ் என்று கேட்டிருக்கிறாய்.

கடற்கரையில் ஒன்று நடக்கிறது. காற்றில் தட்டு பறக்கும், அதையும் அழகு என்பார்கள். தோட்டத்தில் நடப்பதில் முதலில் குட்டி ரயிலில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள், அப்புறம் மேடையில் ஒரு எரிமலை, சுவிட்சைத் தட்டினால் புகை வரும். மூன்றாவது எங்கள் ஹோட்டல். மண்ணடுப்பிலிருந்து ஒரு பன்றியைத் தூக்குவார்கள், நானூறு பேர் எழுந்து நின்று படம் எடுப்பார்கள். அந்த ஒரு பன்றி நானூறு பேருக்குக் காணுமா? அவர்கள் தட்டில் விழுவதெல்லாம் மதியமே சமையற்கட்டு அடுப்பில் வெந்தது. தீக்கத்தி சுற்றுவது சமோவா தீவு ஆட்டம். இடுப்பை உதறுவது தாஹிட்டி தீவு ஆட்டம். நம்முடைய ஹூலா மெதுவாக இருக்கிறதாம், ஆட்கள் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுகிறார்களாம், அதனால் நடுவில் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் நான்.

எது அசல் என்றால் என்ன சொல்ல? பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தால் கார் நிறுத்துகிற கொட்டகையில் பாய் விரித்து ஊரையே கூப்பிடுகிறோமே, அதுதான் அசல். அதற்கு டிக்கெட் கிடையாது.

அவரைத் தோட்டத்துக்குப் போகச் சொல். ரயில் பிடிக்கும். எங்கள் ஹோட்டலுக்கு வேண்டாம். வருகிறவர்களுக்கு வாசலில் மாலை போடுவதும் ஆட்டக்காரிகளின் வேலைதான். உன் கதவைப் பூட்டுகிறவர் கழுத்தில் என் கையால் மாலை போட முடியாது, அண்ணா. என்னைக் கேட்காதே.

மஹேலானி


அரிசோனா
செப்டம்பர் 28, 2012

அன்புத் தங்கைக்கு,

கேட்கத்தான் போகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

இந்த மாதம் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஹொனலூலு சிறையில் பன்னிரண்டு இடம் காலியாகிறது. தண்டனையில் இரண்டு வருடத்துக்குள் பாக்கி இருப்பவர்கள் திரும்பிப் போகலாம். எனக்கு ஆறில் நான்கு முடிந்துவிட்டது. நான்கு வருடத்தில் ஒரு சண்டை இல்லை. எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. பிளாக் அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். அது நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் போக வேண்டும். அந்தத் தாள் டக்கெட் மேசையில் இருக்கிறது.

ஹொனலூலு என்றால் அம்மாவுக்கு அரை மணி நேர விமானம். நாற்காலியோடு ஏற்றிக் கொண்டுவரலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்தால் போதும். இங்கே அவள் வர முடியாது. உனக்கே தெரியும்.

நேற்று அவரே கேட்டார். "உன் தங்கச்சி எதுல ஆடுறா? அதுக்கே போயிடறோம். தெரிஞ்சவங்க இருந்தா நல்ல இடம் கிடைக்கும்ல?" என்ன சொல்லட்டும்? "தோட்டத்துல ரயில் இருக்கு சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "ரயில் இங்கயே இருக்கே" என்றார்.

உங்கள் ஹோட்டலையே சொல்லிவிட்டேன். அக்டோபர் பதினேழு, புதன்கிழமை. அவரும் மனைவியும். முடிந்தால் முன்வரிசை கொடுக்கச் சொல். ஒரு மாலை போடு. ஒரு மாலைப்பொழுது சிரி. வேறு எதுவும் வேண்டாம். நானூறு பேரைப் பார்த்து தினமும் சிரிக்கிறாய், அதில் இரண்டு பேர் கூடினால் என்ன ஆகிவிடும்?

உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இதற்கு முன் கேட்டதெல்லாம் போதைக்காக. இது அம்மாவுக்காக.

லீகோ


ஹனபேபே
அக்டோபர் 19, 2012

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடி செய்தேன்.

ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். அவர் சட்டையும் மனைவியின் கவுனும் ஒரே துணியில் வெட்டியது, பெரிய பெரிய செம்பருத்திப் பூ. அந்த அம்மாள் நல்லவள் போலத்தான் தெரிந்தது. "எவ்வளவு லட்சணமா இருக்கே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாலை போட்டேன். அவர் குனிந்து வாங்கிக்கொண்டு, "லீகோவோட தங்கச்சியா? மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றார்.

"எப்படி இருக்கான் சார்?"

"ஒரு தொந்தரவும் இல்ல. சத்தமே போடமாட்டான்."

பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. நான் சிரித்தேன்.

பிறகு நம் உப்பை அவரிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவரை நம் வீட்டில் என்றைக்கு வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம்? கடையில் வாங்கிய எதைக் கொடுத்தாலும் அது அவர்கள் ஊரிலும் கிடைக்கும். நம் உப்பை விற்பதில்லை, கொடுக்க மட்டும்தான் செய்வோம் என்று சொன்னதும் அந்த அம்மாள் பாட்டிலை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணன் பேப்பர் ஒன்னாம் தேதிக்குள்ள போகணும் சார், அம்மாவுக்கு முடியல" என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார். பாட்டில் அவள் பைக்குள், வெயில் களிம்புக்குப் பக்கத்தில் போனது.

முன்வரிசை வாங்கிக் கொடுத்திருந்தேன். அது தப்பு. முன்வரிசை ஆண்களைத்தான் மேடைக்கு இழுப்பார்கள், தேங்காய்ச் சிரட்டையை மார்பில் கட்டிவிட்டு ஆட வைப்பதற்கு. காட்சியை நடத்துகிற எங்கள் ஹைரம் மாமா மைக்கைப் பிடித்தார்.

"எந்த ஊரு சார்?"

"அரிசோனா."

"என்ன வேலை?"

"ஜெயில்ல."

"உள்ளயா, வெளியவா?"

நானூறு பேரும் சிரித்தார்கள்.

"அதிகாரிய்யா."

"அப்படிப் போடுங்க. எங்க சொந்தக்காரங்க பாதிப் பேரு உங்களுக்குப் பழக்கமா இருப்பாங்களே."

மறுபடி சிரிப்பு. அண்ணா, மேடையில் எனக்குப் பின்னால் ஐந்து பேர் முரசோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேருக்குத் தம்பி உங்கள் சிறையில் இருக்கிறான். ஒருவருக்கு மகன். டக்கெட் மைக்கை வாங்கி, "ஆமாமா, நல்ல பசங்க. நல்லா ஹூலா ஆடுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ மைதானத்துல ஆட விடுவோம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அந்த மேடையில் நிற்கிற ஹைரம் மாமா சட்டென்று மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முரசு அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

அவருக்கு இடுப்பு அசைக்கக் கற்றுக்கொடுத்தது நான். பின்னால் நின்று அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டும். திருப்பினேன். இரண்டு பாட்டு.

போகும்போது, "மூணுல இதுதான் சரியான இடம், லீகோகிட்ட சொல்றேன்" என்றார்.

ஆகவே வந்துவிடு. அம்மா இன்றே என் நீலக் கவுனைச் சுருக்கித் தரச் சொல்கிறாள், ஹொனலூலு வரும்போது போட.

மஹேலானி


அரிசோனா
நவம்பர் 9, 2012

மஹேலானிக்கு,

இது தனியறையிலிருந்து. ஒரு தாள்தான் கொடுத்தார்கள், அதனால் சுருக்கமாக.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தைத் தபால் அறையில் படித்திருக்கிறார்கள். விசாரணையில் என் முன்னால் வைத்தார்கள். 'உப்பை அவரிடம் கொடுத்தேன்' என்ற வரியிலும் 'பேப்பர் ஒன்னாம் தேதிக்குள்ள' என்ற வரியிலும் மஞ்சள் மை. கைதியின் வீட்டார் அதிகாரிக்கு ஒரு பொருளைக் கொடுத்து ஒரு காரியம் கேட்டால் அது லஞ்ச முயற்சி. பொருள் உப்பானாலும் ஒன்றுதான். முன்வரிசை கேட்டு நான் எழுதியதன் நகலும் வைத்திருந்தார்கள்.

டக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டார். கைதி வற்புறுத்தியதால் அந்தக் காட்சிக்குப் போனாராம். அன்பளிப்பை நீட்டினார்களாம், மறுத்துவிட்டாராம். விடுமுறை முடிந்து வந்து தாமே புகார் செய்ய இருந்தாராம். என் முகத்தைப் பார்க்காமல் படித்தார்.

நாற்பத்தைந்து நாள் தனியறை. மாற்றல் ரத்து. மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம்.

பன்னிரண்டு பேர் போன வாரம் விமானம் ஏறிவிட்டார்கள். மோசஸ் போய்விட்டான். அவனுக்கு அங்கே பார்க்க வேண்டியவர்கள் யாருமே இல்லை.

உன்னை நான் என்ன கேட்டேன்? மாலை போடச் சொன்னேன். சிரிக்கச் சொன்னேன். வேறு எதுவும் வேண்டாம் என்று எழுத்தில் எழுதினேன். உப்பு கொடுக்கச் சொன்னேனா? கொடுத்ததுதான் கொடுத்தாய், அதைக் கடிதத்தில் எழுதுவாயா? கடிதத்தைத் திறப்பார்கள் என்று நான்கு வருடமாகச் சொல்கிறேனே. அம்மா கண்ணை மூடும்போது நான் பக்கத்தில் இல்லை என்றால் அதற்கு அவர்கள் காரணம் இல்லை, நீ காரணம்.

லீகோ


ஹனபேபே
டிசம்பர் 6, 2012

அன்புள்ள அண்ணா,

நீ எழுதியதெல்லாம் சரி. நான் பதில் பேசவில்லை.

ஒன்று மட்டும். உப்பு கொடுப்பதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருடியதை மறைப்பார்கள். கொடுத்ததை யாராவது மறைப்பார்களா? அப்படித்தான் வளர்ந்தோம். அங்கே அது குற்றம் என்று நான்கு வருடமாக நீ அங்கே இருப்பதால் உனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

அவர் மறுக்கவில்லை. பை மூடும் வரை பார்த்தேன். அந்தச் சிறைக்கு அப்படியே எழுதிப் போட்டேன், என் பெயர், ஹோட்டல் பெயர் எல்லாம் போட்டு. பதில் இல்லை. தொலைபேசியில் ஒரு பெண், "கைதிகளின் குடும்பத்தாரோடு அதிகாரிகளின் விஷயத்தைப் பேசுவதில்லை" என்று படித்துக் காட்டினாள்.

அம்மா தினமும் காலையில், "பேப்பர் வந்துச்சா?" என்கிறாள். "கையெழுத்துக்குப் போயிருக்கும்மா" என்கிறேன். போன வாரம், இனி மெஷினுக்குப் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "அவன் வர்ற தேதியச் சொல்லு. அதுவரைக்கும் குத்திக்கிறேன். சும்மா குத்திக்கிட்டே இருக்க என்னால ஆகாது" என்றாள். நான் என்ன செய்ய? ஒரு தேதி சொன்னேன். டிசம்பர் இருபத்திரண்டு.

இப்போது ஒழுங்காகப் போய் வருகிறாள்.

நீ ஏதாவது எழுது. அவள் பெயருக்கு எழுது. உன்னால் முடியாவிட்டால் உன் கையெழுத்தைப் போட்டு வெறும் தாள் அனுப்பு, மேலே நான் எழுதிக்கொள்கிறேன்.

மஹேலானி


ஹனபேபே
ஜனவரி 11, 2013

அண்ணா,

ஜனவரி இரண்டாம் தேதி காலை அம்மா போய்விட்டாள். சிறையிலிருந்து உனக்குச் சொன்னார்களா என்று தெரியாது. பாதிரியார் மூலமாகச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இருபத்திரண்டாம் தேதி நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விமானம் தாமதம் என்றேன். மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினுக்கு நேரமாகிறது என்றேன், "வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கிறிஸ்துமஸ் வாரம் ஹோட்டலில் தினமும் இரண்டு காட்சி. லீவு இல்லை. மாலையில் போய் ஆடிவிட்டு வந்தேன்.

கடைசிவரை என்னோடு ஒரு விஷயம் இருந்தது. இப்போது அவள் இல்லை, சொல்கிறேன்.

உப்பை நான் கொடுக்கவில்லை. அம்மா கொடுத்தாள்.

அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்ததும் வீட்டுக்கு வரமாட்டேன், அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்றாள். வேனில் ஹோட்டலுக்குக் கூட்டிவந்து வாசல் பக்கத்துச் சுவர்மேல் உட்காரவைத்தேன். நாற்காலியில் பார்த்தால் அவர் பாவம் என்று நினைப்பாராம், அது வேண்டாமாம். மடியில் பாட்டில். அவர்கள் மாலை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் வந்ததும் எழுந்து நின்றாள், எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. "என் பையனப் பாத்துக்கிறவரு நீங்கதானே" என்று இரண்டு கையாலும் கொடுத்தாள். "ஒன்னாம் தேதிக்குள்ள அனுப்பி வச்சிடுங்க, எனக்கு ரொம்ப நாள் இல்ல" என்றதும் அவள்தான். "லீகோவுக்கு எழுதறப்ப நான் வந்தேன்னு எழுதாத. இப்படி வெளிய வந்தேன்னு தெரிஞ்சா தவிச்சுப்போவான். நீ குடுத்ததா எழுது" என்றாள். எழுதினேன்.

உன் நவம்பர் கடிதம் வந்தபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் கோபம் அவள் பக்கம் திரும்பினால், அவள் இருக்கும் வரை ஒரு வரிகூட நீ எழுதாமல் போய்விடுவாயோ என்று பயந்தேன். நீ எப்படியும் எழுதவில்லை.

அவள் மேல் கோபம் வைக்காதே. என் மேல் வைத்த கோபத்தை என்ன செய்வது என்று நீயே யோசித்துக்கொள்.

இன்னும் பதினெட்டு மாதம்தான். வீடு இருக்கிறது. நான் இருக்கிறேன். வா.

மஹேலானி


அரிசோனா
மார்ச் 4, 2013

அன்புத் தங்கை மஹேலானிக்கு,

உன் கடிதம் பிப்ரவரி நடுவில்தான் கைக்கு வந்தது. அம்மா போனதைப் பாதிரியார் ஜனவரி ஐந்தாம் தேதி சொன்னார். அதற்குள் அடக்கமும் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

உப்பு கொடுத்தது அம்மா என்று எனக்கு முன்பே தெரியும். உன் கடிதம் வந்து தெரியவில்லை. டிசம்பர் இருபத்தொன்றாம் தேதியே தெரியும்.

தனியறையிலிருந்து என்னை வெளியே விட்ட மறுநாள் டக்கெட் என் கதவுக்கு வந்தார். "கோவம் வச்சுக்காத லீகோ. எனக்கும் குடும்பம் இருக்கு. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு ஒரு கவரை எடுத்தார். மனைவி அச்சடித்துக் கொடுத்த விடுமுறைப் படங்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கொண்டுவந்திருக்கிறார். நம் கடற்கரை, நம் மலை, அந்தப் பன்றி, நெருப்பு. ஒரு படத்தில் நீ. அவர் கை உன் தோள்மேல்.

உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால், சுவர்மேல், அம்மா உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போடுகிற கவுன். மடியில் பாட்டில். கேமராவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் முறை எப்போது வரும் என்று. எவ்வளவு சின்னதாக ஆகிவிட்டாள்.

"சார், பின்னாடி உக்காந்திருக்கிறது எங்க அம்மா" என்றேன்.

படத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "அட, ஆமா. உப்பு குடுத்த அம்மா" என்றார். மறுத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்.

"இந்தப் படத்த எனக்குக் குடுப்பீங்களா?"

படத்தை என் பக்கம் பாதி நீட்டினார். கொடுக்க மனமிருந்தது என்றுதான் நினைக்கிறேன். "கைதிக்கு நாங்க எதுவும் குடுக்கக் கூடாதுப்பா. ரூலு உனக்கே தெரியும்" என்று கவருக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்போது அம்மாவுக்கு உயிர் இருந்தது. அன்றே நான் எழுதியிருக்க வேண்டும். உன்னைத் திட்டி எழுதிய கையால் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், இரண்டு நாள் பத்து நாளாகியது. அவள் நீலக் கவுனோடு காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன் என்று உனக்குச் சொல்லலாம், ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை.

நவம்பரில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டால் தீராது, ஆனாலும் கேட்கிறேன்.

போன வாரம் ஒரு படிவம் வந்தது. விடுதலையான பிறகு எங்கே இருப்பாய், முகவரி எழுது என்று. நான் ஹனபேபே முகவரியை எழுதவில்லை. இங்கே ஃபீனிக்ஸ் நகரத்தில் விடுதலையானவர்களுக்கு இடம் கொடுக்கிற ஒரு வீடு இருக்கிறது, கூரை வேலையும் வாங்கித் தருவார்களாம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கோபத்தில் இல்லை. அந்தப் படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நீ பிறந்த நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பல் எல்லாம் தெரிந்தது. கண்ணில் ஒன்றுமே இல்லை. அது நான் கேட்டு வாங்கிய சிரிப்பு. நான் வந்தால் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அது எந்தச் சிரிப்பு என்று தினமும் உன் முகத்தில் தேடிக்கொண்டிருப்பேன். நீயும் அதை அறிந்தே சிரிப்பாய். என்னால் முடியாது, மஹேலானி.

வீட்டை நீ வைத்துக்கொள். ஆடுவதை விட முடிந்தால் விடு. முடியாவிட்டால் அதையும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேறு என்ன வேலை இருக்கிறது அங்கே?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நாம் ஒருவருக்கொருவர் எழுதியதை முதலில் படித்தவர்கள் எப்போதும் அவர்கள்தான். இனி அவர்கள் படிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

லீகோ